படி ஏறிப் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தைப்பூசம் நெருங்கினால் சிலாங்கூர் டெங்கிலில் எங்கள் ஃப்ளாட் படிக்கட்டில் விடியற்காலையிலேயே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டவர்கள், இனிப்புநீர் நோய்க்காக நடக்கச் சொல்லி கிளினிக்கில் அனுப்பியவர்கள், தோட்டத்து லயத்தில் வாசற்படியைத் தவிர வேறு படி ஏறியிராத பெரியவர்கள் என எல்லாரும் வருகிறார்கள். நல்ல காரியம். லிஃப்ட் கிடையாது, தரைத்தளத்தோடு ஐந்து தளம், தளத்துக்கு 16 படி. மேலே போய்ச் சேர 64 படி. நான்கு தடவை ஏறினால் 256. பத்துமலையின் 272 படியைக் கிட்டத்தட்டத் தொட்டுவிடலாம். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ஏறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அது எல்லாருக்கும் தெரியும்.

முதல் நாளே பத்துச் சுற்று

வேண்டாம். இரண்டு போதும். வாரத்துக்கு ஒன்று கூட்டுங்கள்.

கம்பியைப் பிடித்து இழுத்து ஏறுவது

கம்பி தடுமாறினால் பிடிப்பதற்கு. கையால் இழுத்தால் தொடைக்கு வேலை குறைந்துபோகும்.

இறங்குவதை ஓய்வு என்று நினைப்பது

எனக்கு இன்றுவரை எரிச்சல் தருவது இதுதான். 'முருகா முருகா' என்று நிதானமாக ஏறியவர், இறங்கும்போது தடதடவென்று ஓடுகிறார். மூச்சு வாங்கவில்லை என்பதால் வேலையே இல்லை என்று நினைப்பு. இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை, நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. தசையை அதிகம் நோகவைப்பது அந்த வேலைதான். வலியும் உடனே தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் உச்சத்துக்கு வரும். "நேத்து நல்லாத்தான் இருந்தேன் அண்ணே, இன்னிக்கு உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியல" என்பார்கள்.

அது பரவாயில்லை, ஆறிவிடும். விழுந்தால்? மூன்றாம் மாடி அக்கா ஒருவர், ஏறுவதில் எல்லாரையும் முந்திவிடுவார். இரவு மழை பெய்து படி விளிம்பெல்லாம் ஈரம். காலில் தேய்ந்த சிலிப்பர். பேசிக்கொண்டே வந்தவர், படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வீசி வைத்தார். இன்னும் ஒரு படி இருந்தது. கணுக்கால் எலும்பில் விரிசல். அந்த வருடம் அவர் நேர்த்திக்கடனை மகள்தான் செலுத்தினாள்.

பத்துமலையில் படி செங்குத்து. வெறுங்கால், சிந்திய பாலும் தண்ணீரும், பின்னால் நெருக்கும் கூட்டம். இங்கே ஓடி இறங்கிப் பழகிய கால் அங்கே மட்டும் எப்படி நிதானிக்கும்? ஏறியதைவிட மெதுவாக இறங்குங்கள். ஒவ்வொரு விளிம்பையும் பார்த்து, முட்டியை லேசாக மடக்கி, கையைக் கம்பியிலேயே வைத்து இறங்குங்கள். ஒரு முட்டி மட்டும் வலிக்கிறது என்றால், ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலிக்கிற காலை.

சிலிப்பர்

கயிறு கட்டுகிற சப்பாத்து போடுங்கள்.

சுமையை நெஞ்சோடு அணைத்து இறங்குவது

துணி வாளியோ காலி கேஸ் தோங்கோ, பக்கவாட்டில் ஒரு கையில் பிடியுங்கள். உங்கள் பாதம் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்படிப் பிடிக்க முடியாத கனம் என்றால் பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடுங்கள்.

நெஞ்சு இறுக்கினாலும் சுற்றை முடிப்பது

அங்கேயே உட்காருங்கள். இடது கையோ தாடையோ சேர்ந்து வலித்தால் காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.