உறைந்த வான்கோழியை நேரே ஓவனில் வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை, வான்கோழி விருந்து வைக்கும் தேங்க்ஸ்கிவிங். அதற்கு முந்தைய இரவு எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி ஒரே செய்தியைத்தான் சொல்லும்: "அண்ணா, டர்க்கியை ஃப்ரீசர்ல இருந்து எடுக்கவே மறந்துட்டோம். நாளைக்கு மத்தியானம் எல்லாரும் சாப்பிட வர்றாங்க."

ஃப்ரிட்ஜில் வைத்து டீஃப்ராஸ்ட் செய்ய, நான்கைந்து பவுண்டுக்கு ஒரு நாள் ஆகும். 13 பவுண்டு வான்கோழி என்றால் மூன்று நாள். குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றுவது இன்னொரு வழி. அதில் பவுண்டுக்கு 30 நிமிடம், ஆக ஆறரை மணி நேரம். அதற்குப் பிறகுதான் ஓவன். அதனால் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: டீஃப்ராஸ்ட் செய்யாமல் அப்படியே ஓவனில் வையுங்கள். அமெரிக்க வேளாண்மைத் துறையே இதைப் பாதுகாப்பான முறை என்கிறது. ஐஸ் இளகிய பறவைக்கு ஆகும் நேரத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு ஆகும். ஓவன் 325 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகக்கூடாது. செல்சியஸில் சுமார் 163.

முறை எளிதுதான். ஆனால் முதல்முறை செய்பவர்கள் ஆண்டுதோறும் அதே இடங்களில் தடுக்கி விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பிளாஸ்டிக் உறையைக் கழற்ற மறப்பது, ஓவனுக்குள் அடங்காத பறவையை வாங்குவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை கண்ணுக்குத் தெரியும் தவறுகள், தானாகவே திருந்திவிடும்.

"கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு..."

உறைந்த பறவையை நேரே வைக்கச் சொன்னால் பலருக்கு மனம் ஒப்புவதில்லை. ராத்திரி முழுவதும் சமையலறை மேடையில் வைத்துவிட்டுக் காலையில் ஓவனில் வைக்கலாமா என்று கேட்பார்கள். கூடாது. மேல்தோலும் இறக்கைகளும் சில மணி நேரத்திலேயே அறைவெப்பத்துக்கு வந்துவிடும். நெஞ்சுக்கூட்டுக்குள் இன்னும் ஐஸ் இருக்கும். 40 முதல் 140 டிகிரி ஃபாரன்ஹீட் வரை பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை. நேரே ஓவனில் வைப்பது பாதுகாப்பாக இருப்பதற்குக் காரணமே, மேற்பரப்பு அந்த எல்லையை விரைவாகக் கடந்துவிடுகிறது என்பதுதான். அரைகுறையாக வெளியே வைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

நான் இருக்கும் மினசோட்டாவில் நவம்பர் குளிரை நம்பி கராஜில் வைப்பவர்களும் உண்டு. கராஜின் குளிர் ஒரு நாளைப்போல் மறுநாள் இருக்காது, அதை நம்ப முடியாது. ஃப்ரிட்ஜில் இருந்து பாதி இளகியதென்றால் பிரச்சினை இல்லை, அப்படியே ஓவனுக்குப் போகலாம். நேரம் கொஞ்சம் குறையும்.

முதலிலேயே மசாலா தடவுவது

நம் வீடுகளில் இது அதிகம். தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் கலந்து பனி படிந்த தோலின் மேல் பூசுவார்கள். அரை மணி நேரத்தில் ஐஸ் நீராகி, மசாலாவைக் கழுவிக்கொண்டு தட்டில் இறங்கிவிடும். தப்பித்தவறி ஒட்டிய மிளகாய்த்தூள் ஐந்து மணி நேரச் சூட்டில் கருகிக் கசக்கும். முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் தடவாதீர்கள். தோல் இளகி ஈரம் வற்றிய பிறகு, வெண்ணெயில் மிளகும் பூண்டும் கலந்து தடவினால் நன்றாகப் பிடிக்கும். உப்பைப் பார்த்துப் போடுங்கள். உறைந்து வரும் வான்கோழிகள் பலவற்றில் உப்புநீரை ஏற்றித்தான் விற்கிறார்கள். அட்டையில் எழுதியிருக்கும்.

ஆழமான பாத்திரம்

பக்கச் சுவர் உயர்ந்த பாத்திரத்தில் பறவையின் கீழ்ப்பாதிக்கு வெப்பக்காற்று போகாது. தொடையின் அடிப்பக்கம் வெளிறியே கிடக்கும். விளிம்பு குட்டையான தட்டு, அதன் மேல் கம்பித்தாங்கி, அதன் மேல் பறவை.

வயிற்றுக்குள் ஸ்டஃபிங் (ரொட்டிக் கலவை) அடைப்பது

வேண்டாம். தனியாகச் செய்து கொள்ளுங்கள்.

ஓவனின் சூட்டைக் கூட்டுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் தரும் தவறு இதுதான். மற்றவற்றில் கொஞ்சம் ருசி போகும், கொஞ்சம் அழகு போகும். இதில் பறவையே போகும்.

நடப்பது இப்படி. இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். தோல் லேசாக நிறம் மாறத் தொடங்கியிருக்கும். தெர்மாமீட்டரை நெஞ்சுக்கறியின் ஆழத்தில் குத்தினால் 32, 33 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டும். நீர் உறையும் புள்ளியே 32. அரை மணி கழித்துப் பார்த்தாலும் கிட்டத்தட்ட அதே எண். அங்கேதான் கை ஓவனின் குமிழுக்குப் போகும். 325 இருந்தது 400 ஆகும், பிறகு 450 ஆகும்.

ஓர் இளம் தம்பதியின் வீட்டில் இது என் கண்முன்னே நடந்தது. 14 பவுண்டுப் பறவை. காலை எட்டு மணிக்கு வைத்திருந்தார்கள், ஒரு மணிக்குச் சாப்பாடு என்று எல்லோரையும் அழைத்திருந்தார்கள். நான் கிழங்கு மசியலோடு போய்ச் சேர்ந்தபோது வீடு முழுக்கப் புகை, ஸ்மோக் அலாரம் அலறிக்கொண்டிருந்தது. பத்தரை மணிக்கே சூட்டை 450 ஆக்கிவிட்டார்களாம். "உள்ளே ஐஸா இருக்கு அண்ணா, வேற என்ன பண்றது?" என்றார் அந்தத் தம்பி. தோல் கறுத்திருந்தது. அதற்குக் கீழே ஒரு விரற்கடை அளவுக்குக் கறி மரத்தூளாக வறண்டிருந்தது. நெஞ்செலும்பை ஒட்டிய இடம் இளஞ்சிவப்பாக, தொட்டால் சில்லென்று இருந்தது. தட்டில் இறங்கிய சாறு கருகிப்போனதால் கிரேவியும் இல்லை. அன்று எல்லோரும் பக்கப் பதார்த்தங்களைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர்களுக்கு அது அமெரிக்காவில் முதல் தேங்க்ஸ்கிவிங்.

சரி, தெர்மாமீட்டர் ஏன் நகராமல் நிற்கிறது? இறைச்சியின் பெரும்பகுதி நீர். உறைந்திருக்கும் அந்த நீர் முதலில் உருக வேண்டும். ஒரு கிலோ ஐஸை உருக்கத் தேவையான வெப்பம், ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும் வெப்பத்துக்குச் சமம். அத்தனை வெப்பத்தையும் வாங்கிக்கொண்டு ஐஸ் அதே வெப்பநிலையில்தான் இருக்கும். ஆக எண் நகராத அந்த நேரத்தில் பாதி வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஐஸ் தீர்ந்ததும் எண் சரசரவென்று ஏறும். முதல் மூன்று மணி நேரம் பொறுமையைச் சோதித்த பறவை, கடைசி ஒன்றரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டிய வேகத்தில் போகும்.

அந்த நேரத்தில் சூட்டைக் கூட்டினால் என்ன ஆகும்? வெப்பம் கறியின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், கறி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். நீங்கள் கூடுதலாகத் தரும் 125 டிகிரியில் பெரும்பங்கு மேற்பரப்பிலேயே தங்கும். ஈரம் வற்றிய தோல் பொன்னிறத்தைத் தாண்டிக் கருகும். உள்ளே போவது கொஞ்சம்தான். அதன் பிறகு வெளியே கருகிவிட்டது என்று பயந்து வெளியே எடுப்பார்கள், உள்ளே வேகாதது வெட்டும்போதுதான் தெரியும். வேகாத வான்கோழியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற நோய் தரும் பாக்டீரியாக்கள் இருக்கலாம். இது வெறும் ருசிப் பிரச்சினை இல்லை.

எனக்கு இன்னும் வருத்தம் தருவது வேறொன்று. உறைந்த பறவையை நிதானமாக வேகவிட்டால், ஐஸ் இளகிய பறவையில் எளிதில் கிடைக்காத ஒரு நன்மை கிடைக்கும். தொடைக்கறியில் இணைப்புத் திசு அதிகம், 175 முதல் 185 டிகிரி வரை போனால்தான் மெத்தென்று ஆகும். நெஞ்சுக்கறி 165-ஐத் தாண்டி அதிகம் போனால் வறண்டுவிடும். தேர்ந்த சமையற்காரர்கள் சிலர் இதற்காகவே ஓவனில் வைக்குமுன் நெஞ்சின் மேல் ஐஸ் பொட்டலம் வைத்து அதை மட்டும் குளிர வைப்பதுண்டு. உறைந்த பறவையில் அது தானாகவே அமைந்துவிடுகிறது. மெலிந்த கால்கள் முதலில் இளகி முன்னே ஓடும், தடித்த நெஞ்சுப்பகுதி பின்னால் வரும், இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பதத்துக்கு வரும். சூட்டைக் கூட்டுபவர்கள் இந்த நன்மையைத் தங்கள் கையாலேயே கெடுத்துக்கொள்கிறார்கள்.

உண்மையில் குமிழில் கை வைப்பதற்கு மூலகாரணம் காலைநேரக் கணக்கு. 12 முதல் 14 பவுண்டு வரை உள்ள, ஐஸ் இளகிய பறவைக்கு மூன்று முதல் மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். உறைந்ததற்கு நாலரை முதல் ஐந்தரை, சில சமயம் அதற்கும் மேல். வெளியே எடுத்தபின் ஆற இருபது, முப்பது நிமிடம். இரண்டு மணிக்குச் சாப்பாடு என்றால் ஏழு மணிக்கு ஓவனுக்குள் இருக்க வேண்டும். முன்கூட்டியே வெந்துவிட்டால் நஷ்டமில்லை, ஃபாயிலைத் தளர்வாக மூடி வைத்தால் ஒரு மணி நேரம் சூடு தாங்கும். 20 பவுண்டுக்கு மேற்பட்ட பறவைக்கு இந்த முறையையே நான் சொல்வதில்லை. ஏழு மணி நேரம் தாண்டும், அதற்குள் வெளிப்பகுதி வறண்டுவிடும்.

நேரம் கைமீறிப் போய்விட்டதா? அப்போதும் குமிழைத் தொடாதீர்கள். தொடைகள் பதத்துக்கு வந்துவிட்டால் அவற்றை மட்டும் மூட்டோடு வெட்டி எடுத்துப் பரிமாறுங்கள். மிச்சப் பறவை திரும்ப ஓவனுக்குப் போகட்டும். தொடைகள் மறைக்காததால் நெஞ்சுப்பகுதியும் வேகமாக வேகும். விருந்தினர் முதல் சுற்றைச் சாப்பிட்டு முடிக்கும்போது அடுத்தது வரும். தோல் மொறுமொறுப்பாக வேண்டுமென்றால், நெஞ்சுக்கறி 150 டிகிரியைத் தொட்ட பிறகு கடைசிப் பதினைந்து நிமிடம் 400-க்குக் கூட்டலாம். அதற்கு முன் கூடாது.

உள்ளே இருக்கும் பையை மறப்பது

ஈரல், இரைப்பை, கழுத்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வயிற்றுக்குள் வைத்திருப்பார்கள். உறைந்த நிலையில் அதை எடுக்க முடியாது. கத்தியால் குத்திப் பெயர்க்க வேண்டாம். மூன்று மணி நேரம் கழித்து இளகியிருக்கும், இடுக்கியால் இழுத்தால் வந்துவிடும். காகிதப்பை என்றால் கவலையில்லை. பிளாஸ்டிக் பையாக இருந்து அது உருகியிருந்தால் பறவையை முழுவதுமாக எறிந்துவிட வேண்டியதுதான். ஆகவே அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

துள்ளி எழும் டைமரை நம்புவது

நெஞ்சில் செருகி வரும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் குமிழ் ஓர் இடத்தின் சூட்டை மட்டும்தான் அறியும். உறைந்த பறவையில் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு வெப்பநிலையில் இருக்கும். தெர்மாமீட்டரால் மூன்று இடங்களைப் பாருங்கள்: நெஞ்சுக்கறியின் மிகத் தடித்த இடம், தொடையின் உட்புறம், இறக்கை உடலோடு சேரும் இடம். எலும்பில் படக்கூடாது. மூன்றும் குறைந்தது 165 டிகிரி, அதாவது 74 செல்சியஸ், காட்ட வேண்டும். இரண்டு காட்டி ஒன்று காட்டவில்லை என்றால் வேகவில்லை என்று பொருள். அப்புறம், முதல் இரண்டு மணி நேரம் தெர்மாமீட்டர் உள்ளே இறங்காது. அழுத்தி உடைத்துவிடாதீர்கள்.

குறைந்த சூட்டில் இரவு முழுவதும், ஸ்லோ குக்கரில், ஸ்மோக்கரில்

உறைந்த வான்கோழிக்கு இவை எதுவும் ஆகாது. மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும்.

எண்ணெயில் பொரிப்பது

உயிருக்கு ஆபத்து. ஐஸ் கொதிக்கும் எண்ணெயில் விழுந்தால் நொடியில் ஆவியாகிப் பல நூறு மடங்கு விரியும், எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்து தீப்பிடிக்கும். ஐஸ் ஒரு துளி இருந்தாலும் அந்தப் பானையின் பக்கம் போகாதீர்கள்.

மிச்சத்தை மேசையிலேயே விட்டுவிடுவது

வெட்டிய இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். முழுதாக வைக்காமல் எலும்பிலிருந்து கறியைப் பிரித்து, ஆழமில்லாத டப்பாக்களில் பரப்பி வையுங்கள், சீக்கிரம் குளிரும். மூன்று நான்கு நாளைக்குள் பிரியாணியோ கொத்து பரோட்டாவோ செய்து தீர்த்துவிடலாம். எலும்புக்கூட்டை எறியாமல் அன்றிரவே மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு சூப்புக்கு ஏற்றிவிடுங்கள்.