பழைய ஸ்போர்ட்ஸ் கார் சூடாகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆசையோடு வாங்கியவர்கள், முதல் கோடையிலேயே வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்குவதைக் கண்டு பதறுகிறார்கள். அடுத்த சில வாரங்களில் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிவிட்டு, தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் இதே வரிசையில் இதே தவறுகளைச் செய்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, இஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவைப் பார்க்க வேண்டும் என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

எப்போது சூடாகிறது என்று பார்க்காமல் ஸ்பானரை எடுப்பது

காரைக் கழற்றுவதற்கு முன் ஒரு வாரம் முள்ளைக் கவனியுங்கள். நெரிசலில் நிற்கும்போது ஏறி, வேகமெடுத்தவுடன் இறங்கினால் காற்றோட்டத்தில் குறை இருக்கிறது. விசிறி, அதன் ரிலே, அதை இயக்கும் சுவிட்ச், விசிறியைச் சுற்றியுள்ள கூடு ஆகியவற்றை முதலில் பாருங்கள். நெரிசலில் நன்றாக இருந்து, நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் வேகமாக ஓட்டும்போது மட்டும் ஏறினால், கூலன்ட் போதிய அளவு ஓடவில்லை அல்லது ரேடியேட்டரால் அந்த அளவு வெப்பத்தை வெளியேற்ற முடியவில்லை என்று பொருள். உள்ளே அடைபட்ட ரேடியேட்டர், அச்சில் வழுக்கும் பம்பின் இம்பெல்லர் (கூலன்ட்டைத் தள்ளும் இதழ்ச் சக்கரம்), பம்பின் உறிஞ்சுதலால் உள்ளொடுங்கி ஒட்டிப்போகும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் ஆகியவை அப்போது சந்தேகத்துக்கு உரியவை. கீழ் ஹோஸ் ஒட்டுவதை, ஒருவரை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு நின்று பார்த்தால் கண்ணாலேயே காணலாம்.

பழைய கார்களில் பெரும்பாலானோர் கவனிக்காத ஒன்று, ரேடியேட்டரின் ஓரங்களில் இருக்கும் ரப்பர் அல்லது ஃபோம் பட்டைகள். முப்பது ஆண்டுகளில் அவை பொடிந்து உதிர்ந்திருக்கும். முன்பக்கத்தில் நுழையும் காற்று எப்போதும் எளிய வழியைத் தேடும். பட்டை இல்லாவிட்டால் ரேடியேட்டரின் தகடுகளுக்குள் புகாமல் அதன் ஓரமாக நழுவிப் போய்விடும். புதிய ரேடியேட்டரைப் பொருத்தியும் பயனில்லை என்று வருந்தியவர்களின் கார்களில் இந்த இடைவெளியை நான் பலமுறை விரல் விட்டுக் காட்டியிருக்கிறேன்.

ஏர் எடுக்காமல் காரை ஓட்டுவது

ஏர் எடுப்பது என்றால் கூலன்ட் ஓடும் வழியில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. இதைப் பற்றித்தான் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இன்றும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இதுதான்.

என்னிடம் முதல் தலைமுறை டொயோட்டா எம்ஆர்2 ஒன்று இருந்தது. 1984 முதல் 1989 வரை தயாரான அந்தக் காரில் இஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும், ரேடியேட்டரோ காரின் மூக்கில் இருக்கும்; இரண்டையும் இணைக்கும் குழாய்கள் காரின் அடியில் நீளமாகச் செல்லும். ஒரு ஹோஸ் கசிந்ததால் கூலன்ட் முழுவதையும் வடித்து, ஹோஸை மாற்றி, புதிய கூலன்ட்டை ஊற்றினேன். வாய்வரை நிறைந்தது, மூடியைப் போட்டேன். வடித்ததை அளந்து வைத்திருந்தும், புதிய கேனில் ஏறத்தாழ இரண்டரை லிட்டர் மிச்சம் இருப்பதைக் கண்டும், கூடுதலாக வாங்கிவிட்டேன் என்றே எண்ணினேன். அந்த இரண்டரை லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் காற்று இருந்தது.

மறுநாள் ஓட்டும்போது முள் மெல்ல ஏறியது. ஹீட்டரைப் போட்டுச் சூட்டைக் குறைக்கலாம் என்று நினைத்து அதைத் திறந்தேன். வந்தது குளிர்ந்த காற்று. சற்று நேரத்தில் முள் திடீரென்று சரிந்து நடுவுக்கும் கீழே வந்தது. பிரச்சினை தானாகத் தீர்ந்துவிட்டது என்ற நிம்மதியோடு இன்னும் நான்கு கிலோமீட்டர் ஓட்டினேன். கூலன்ட்டின் தித்திப்பான வாடை கேபினுக்குள் ஏறியபோதுதான் நிறுத்தினேன். இஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றியபோது, அதைக் கசிவின்றி இஞ்சினோடு சேர்க்கும் கேஸ்கெட் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு நடுவே கரிந்திருந்தது. நேர்விளிம்புச் சட்டத்தை ஹெட்டின் மேல் வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. இத்தகைய அலுமினிய ஹெட்களுக்குக் கையேடுகள் அனுமதிக்கும் கோணல் பெரும்பாலும் 0.05 முதல் 0.1 மில்லிமீட்டர்தான், என் ஹெட் பட்டறைக்குப் போயே ஆக வேண்டியிருந்தது.

முள் சரிந்ததற்குக் காரணம் இஞ்சின் குளிர்ந்தது அன்று. வெப்பத்தை அளக்கும் சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். அதைச் சுற்றிக் காற்று நின்றுவிட்டால், அருகில் உலோகம் கொதித்துக்கொண்டிருந்தாலும் அது குறைவாகவே காட்டும். பம்பும் அப்படித்தான்: திரவத்தைத் தள்ளுவதற்காக அமைக்கப்பட்ட இம்பெல்லர், காற்றுக் குமிழுக்குள் சுழன்றால் எதையும் நகர்த்தாது. விசிறியின் சுவிட்ச் ரேடியேட்டரிலேயே இருக்கும் போர்ஷே 944 போன்ற கார்களில் இன்னொரு குழப்பம் சேர்கிறது. ஏர் லாக்கினால், அதாவது வழியை அடைத்த காற்றினால், சூடான கூலன்ட் ரேடியேட்டரை எட்டாதபோது சுவிட்சும் சூடாகாது, விசிறியும் ஓடாது. உடனே விசிறி பழுது என்று அதை மாற்றுகிறார்கள்.

இதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஒவ்வொரு பாகத்தை மாற்றும்போதும் கூலன்ட்டை வடிக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் புதிதாகக் காற்று உள்ளே போகிறது, அதை எடுக்காமல் ஓட்டிவிட்டுப் புதிய பாகம் சரியில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். தொடக்கத்தில் இருந்த சிறிய குறையை அந்தப் பாகம் ஒருவேளை சரிசெய்திருக்கும். இப்போது சூடாக்குவது அவர்களே உள்ளே அடைத்த காற்று.

ஏர் எடுப்பதற்குப் பொறுமை போதும். கூலன்ட் ஊற்றும் வாய் அமைப்பிலேயே உயரமான இடமாக இருக்கும்படி, தேவைப்பட்டால் காரின் அந்தப் பக்கத்தை உயர்த்தி நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள்; இல்லாவிட்டால் பல பழைய கார்களில் ஹீட்டர் வால்வு மூடியே இருந்து, அதற்குப் பின்னால் காற்று சிக்கிக்கொள்ளும். மெதுவாக ஊற்றுங்கள். உங்கள் காரில் ஏர் எடுக்கும் திருகுகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைக் கையேட்டில் பாருங்கள். 944-இல் அது சிலிண்டர் ஹெட்டின் முன்னால், கூலன்ட் வெளியேறும் இடத்தின் உச்சியில் இருக்கிறது. திருகைத் தளர்த்தினால் முதலில் சீறல் கேட்கும், பிறகு நுரையும் குமிழுமாகத் துப்பும், கடைசியில் குமிழ் இல்லாத ஒரே இழையாகக் கூலன்ட் வழியும்; அப்போதுதான் மூட வேண்டும், அதற்கு ஒரு நொடி முன்பும் கூடாது. பிறகு இஞ்சினை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து ரேடியேட்டர் ஹோஸ்கள் இரண்டும் சூடாகும்வரை காத்திருங்கள். ஹீட்டரிலிருந்து தொடர்ந்து சூடான காற்று வர வேண்டும். இரவு முழுவதும் ஆறவிட்டு, காலையில் மீண்டும் அளவைப் பாருங்கள், பெரும்பாலும் இறங்கியிருக்கும். வடித்த அளவும் ஊற்றிய அளவும் ஏறக்குறைய ஒன்றாகும்வரை வேலை முடியவில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது

தடை போனால் கூலன்ட் வேகமாக ஓடிக் குளிர்ச்சி கூடும் என்ற எண்ணத்தில் பலர் இதைச் செய்கிறார்கள். பல இஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. முதல் வால்வு திறக்கும்போது இந்தத் தட்டு, ரேடியேட்டருக்குப் போகாமல் இஞ்சினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை மூடி, கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திருப்பிவிடும். கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே இருக்கும். சூடான கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டரைக் காணாமலேயே இஞ்சினுக்குத் திரும்பும். சந்தேகம் இருந்தால் தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடேற்றிப் பாருங்கள். 82 டிகிரி என்று பொறித்திருந்தால் அதன் அருகே திறக்கத் தொடங்க வேண்டும்.

மூடியைச் சாதாரண மூடி என்று நினைப்பது

அது ஓர் அழுத்த வால்வு. 1 பார் அழுத்தம் தாங்கும் மூடி சரியாக இருந்தால், வெறும் தண்ணீர்கூட ஏறத்தாழ 120 டிகிரிவரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும். கையேடு சொல்லும் அழுத்தத்துக்கே புதியது வாங்குங்கள். அதிக அழுத்த மூடி பழைய ஹோஸ்களைக் கிழித்துவிடும்.

கசிவை அடைக்கும் தூள்

ஊற்றாதீர்கள். ஹீட்டரின் நுண்குழாய்களையும் அது அடைக்கும்.

குமிழ் கண்டவுடன் ஹெட்டைக் கழற்றுவது

சூட்டில் விரியும் கூலன்ட்டுக்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்கில் குமிழ்கள் வந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். சிக்கிய காற்றும் முதல் சில ஓட்டங்களில் குமிழாகத்தான் வெளியே வரும். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறதா என்று கண்டறிய நீல நிறத் திரவத்தோடு வரும் சோதனைக் குழாய் கிடைக்கிறது. டேங்கின் வாயில் வைத்து, இஞ்சினை ஓடவிட்டு, மேலே நிற்கும் ஆவியை அந்தத் திரவத்தின் வழியாக உறிஞ்ச வேண்டும். கூலன்ட் அந்தத் திரவத்தில் கலந்துவிடாதபடி டேங்கின் அளவைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். நீலம் மஞ்சளானால் எரிந்த வாயு கலந்திருக்கிறது. சூடான இஞ்சினில் இரண்டு முறை சோதித்தும் நீலமாகவே இருந்தால், ஹெட்டின் போல்ட்டுகளைத் தொடாமல், ஏர் எடுக்கும் திருகுக்குத் திரும்பிப் போங்கள்.