ரிங் ரோட்டுப் பக்கத்துப் பணக்கார ஊரை எண்ணால் அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு காலேஜ் பிள்ளை புராஜெக்ட் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. மதுரை அழகர்கோவில் சாலையில் இருந்து உள்ளே திரும்பினால் வருகிற ஒரு சின்ன ஊர் (பெயர் வேண்டாம், ஊர்க்காரர்கள் எனக்குத் தெரிந்தவர்கள்), ஒரு காலத்தில் நெல்லும் வாழையும், இப்போது வில்லாவும் காம்பவுண்டுச் சுவரும். அந்த ஊரின் மக்கள்தொகையும் பொருளாதாரமும்தான் தலைப்பு. முதல் பக்கத்திலேயே "இவ்வூரின் தனிநபர் வருமானம்" என்று ஒரு தொகை, கீழே "மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011" என்று ஆதாரம். "இதை எங்கம்மா எடுத்த?" என்றேன். "நெட்டுல இருந்துச்சு சார்."

நெட்டில் இருந்திருக்கலாம், சென்ஸஸில் இருந்திருக்க முடியாது. நம் சென்ஸஸில் வருமானத்தைப் பற்றிய கேள்வியே கிடையாது. 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை வாத்தியார் வேலைக்கு நடுவில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். வயது, படிப்பு, வேலை, எந்த ஊரில் இருந்து வந்தீர்கள், எத்தனை பிள்ளைகள் என்று கேட்கக் கட்டங்கள் இருந்தன, சம்பளத்துக்கு ஒரு கட்டமும் இல்லை. அதற்கு முந்தைய வருடம் எடுத்த வீட்டுப் பட்டியலில் டிவி, கம்ப்யூட்டர், டூவீலர், கார், பேங்க் கணக்கு உண்டா என்று கேட்டார்கள். ஊரின் வசதியை அதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவுதான். தனியாக நடந்த சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் கிராமப்புறத்தில் வருமானம் கேட்டார்கள், ஆனால் எப்படி? வீட்டில் அதிகம் சம்பாதிப்பவரின் மாத வருமானம் 5,000க்குக் கீழா, 10,000 வரையா, 10,000க்கு மேலா என்று மூன்றே கட்டம். அந்த மூன்றாவது கட்டத்துக்குள் ரிட்டையர்டு கிளார்க்கும் உட்காருவார், சொந்த ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டரும் உட்காருவார். தனிநபர் வருமானம் என்று அரசு கணக்கிட்டுச் சொல்வதெல்லாம் மாவட்ட அளவோடு சரி. அதை எடுத்து ஓர் ஊரின் தலையில் ஒட்டுவது மதுரை மாவட்டத்தின் சராசரி மழையைச் சொல்லி நம் தெருவில் நேற்று எவ்வளவு பெய்தது என்று சாதிப்பது மாதிரி.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு காரணம் அமெரிக்கா என்று நினைக்கிறேன். என் மச்சினன் மகன் சிகாகோ பக்கம் இருக்கிறான். "மாமா, நாங்க இருக்கிறதும் வில்லேஜ்தான், எங்க ஊர் வருமானம் எவ்வளவுன்னு கவர்ன்மெண்டே போட்டிருக்கு" என்று போனில் பெருமை அடிப்பான். உண்மைதான். இல்லினாய் மாநிலத்தில் வில்லேஜ் என்பது சட்டப்படி தனி மன்றமும் தனி வரியும் உள்ள அமைப்பு, நம் பேரூராட்சி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மிச்சிகன் ஏரிக்கரையில் கெனில்வொர்த் என்று சுமார் 2,500 பேர் உள்ள பணக்கார வில்லேஜ் இருக்கிறது, அவ்வளவு சின்ன ஊருக்கும் குடும்ப வருமானத்தை வெளியிடுகிறார்கள். ஆனால் அந்த எண் ஒவ்வொரு வீட்டையும் கேட்டு வந்ததில்லை. கொஞ்சம் வீடுகளை மட்டும் கேட்டு, 5 வருடப் பதில்களை ஒன்றாகச் சேர்த்துப் போட்ட மதிப்பீடு. இத்தனை கூடலாம், இத்தனை குறையலாம் என்று பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், அதை யாரும் படிப்பதில்லை. வருமானத்தின் நடு அளவு 2,50,000 டாலரைத் தாண்டிவிட்டால் அதற்கு மேல் எண்ணே சொல்லாமல் "2,50,000+" என்று நிறுத்திவிடுவார்கள். அங்கேயே கதை இப்படி என்றால், அந்த மாதிரி அட்டவணையைப் பார்த்துவிட்டு நம் ஊருக்கும் அதே கட்டத்தை நிரப்பியே தீரவேண்டும் என்று உட்காருகிறவர்கள் ஏதாவது ஓர் எண்ணை இட்டுக்கட்டத்தான் செய்வார்கள்.

சரி, நீங்களே வீடு வீடாகப் போய் வருமானம் கேட்டு வந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த பள்ளம் சராசரி. ஒரு பேச்சுக்கு, தெருவில் பத்து வீடு. ஒன்பது வீட்டில் மாதம் 30,000, பத்தாவது வீட்டில் ஒரு சர்ஜன், மாதம் 10 லட்சம். சராசரி போட்டால் 1,27,000 வரும். அந்தத் தொகையை வாங்குகிற ஆள் அந்தத் தெருவிலேயே இல்லை. பள்ளிக்கூடத்தில் இடைநிலை அளவு என்று படித்தோமே, வரிசையாக நிற்கவைத்து நடுவில் நிற்பவரைப் பார்ப்பது, அதைப் போட்டால் 30,000 என்று வரும். சின்ன ஊர், அதிலும் பணக்காரர்கள் குடியேறிய சின்ன ஊர் என்றால் சராசரியைத் தொடவே தொடாதீர்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய தவறாகப் படுவது எல்லை. ஊர் என்று எதைச் சொல்கிறோம்? வி.ஏ.ஓ.விடம் கேட்டால் வருவாய் கிராமம், அதாவது நிலப் பதிவேட்டில் உள்ள எல்லை. தலைவரிடம் கேட்டால் ஊராட்சி, அதற்குள் நாலைந்து உட்கடை ஊர்கள் இருக்கும். புரோக்கரிடம் கேட்டால் "கே.கே.நகர்ல இருந்து பத்தே நிமிஷம்." தபால் முகவரி இன்னொன்றைச் சொல்லும். சென்ஸஸ் கிராமவாரியாகத் தரும் எண் வருவாய் கிராமத்துக்கானது, அதை ஊராட்சிக்குப் போட்டால் ஆளே மாறிப்போகும். நான் சொன்ன ஊரில் வாய்க்கால்தான் எல்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வில்லாக்கள், அந்தப் பக்கம் அந்த வில்லாக்களில் பாத்திரம் தேய்க்கிற, தோட்டம் பார்க்கிற, கார் கழுவுகிற ஆட்களின் காலனி. நடந்தால் ஐந்து நிமிடம், ஆனால் அது வேறு வருவாய் கிராமம். ரிப்போர்ட்டில் "இவ்வூரில் வறுமை ஏறக்குறைய இல்லை" என்று எழுதியிருந்தது அந்தப் பிள்ளை. வாய்க்கால் இருக்கிற இடம் அப்படி.

பெரிய அளவிலும் இதே கூத்துதான். மதுரை மக்கள்தொகை 10,17,865 என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். அது 2011இல் பழைய 72 வார்டு எல்லைக்குள் எண்ணியது. அதே வருடக் கடைசியில் அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும் திருநகர், விளாங்குடி, ஹார்விபட்டி பேரூராட்சிகளும் இன்னும் சில ஊராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சி 100 வார்டு ஆனது. சுமார் 52 சதுர கிலோமீட்டராக இருந்தது 148 ஆனது. ஒட்டிக் கிடக்கிற ஊர்களையும் சேர்த்த நகரத் தொகுப்பு என்றால் 2011 கணக்கே 14,65,625. மாவட்டம் 30,38,252. எந்தக் கோட்டுக்குள் எண்ணினீர்கள் என்று சொல்லாமல் "மதுரை" என்று மட்டும் எழுதினால் இவற்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வளர்ச்சி வீதத்தையும் இதோடு முடித்துவிடுகிறேன். 320 பேர் இருந்த ஊர் 1,280 ஆனால் 300 சதவீத வளர்ச்சி என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஒரு லேஅவுட் வந்திருக்கும், அல்லது பக்கத்து உட்கடையைச் சேர்த்திருப்பார்கள். சின்ன ஊரில் சதவீதம் போடும்போது பக்கத்திலேயே தலையெண்ணிக்கையையும் போட்டுவிடுங்கள். அப்புறம் இந்த 2011 எண்கள் எல்லாமே கிழடு தட்டியவை. 2021இல் நடக்க வேண்டியது நடக்கவில்லை, அடுத்ததற்கு 2027 மார்ச் 1ஐக் குறிப்பு நாளாக 2025 ஜூனில் அறிவித்தார்கள். இன்றைக்கு வில்லா நிற்கும் இடத்தில் நான் பையோடு போனபோது நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரின் 2011 எண்ணை வைத்து இன்றைய ஊரைச் சொல்வது, போன ஊர்க்காரனின் ஜாதகத்தை வந்த ஊர்க்காரனுக்குப் பார்ப்பதுதான்.

கோடு சரியாகிவிட்டாலும் அதற்குள் ராத்திரி யார் படுத்துத் தூங்குகிறார்கள் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அந்த 2011இல் எனக்கு ஒதுக்கிய பகுதியில் ஒரு மாடி வீடு. கிரானைட் முகப்பு, தேக்குக் கதவு, கேட்டில் பூட்டு. மூன்று முறை போனேன், மூன்று முறையும் பூட்டு. மூன்றாவது முறை பின்பக்கம் தகர ஷெட்டில் இருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். வாட்ச்மேனின் மனைவி, கமுதிப் பக்கத்து ஆட்கள், இரண்டு பிள்ளைகள், வெளியே ஒரு விறகு அடுப்பு. வீட்டுக்காரர் எங்கே என்றால் துபாய், பிள்ளைகள் அமெரிக்கா. நான் ஃபாரத்தை எடுத்ததும் "எங்களையுமா எழுதுவீக?" என்று கேட்டார். உங்களைத்தானம்மா எழுதணும். கணக்கெடுப்பு நாட்கள் முழுக்க ஊரில் இல்லாதவர்கள் அந்த ஊர்க் கணக்கில் வரமாட்டார்கள், அங்கே குடியிருக்கும் வாட்ச்மேன் குடும்பம் வரும். ஆக அந்த முகவரியில் பதிவான நான்கு பேரும் கமுதிக்காரர்கள். தேக்குக் கதவுக்காரர் ஊரின் சொத்தில் இருக்கிறார், ஊரின் மக்கள்தொகையில் இல்லை. பணக்கார ஊர்களில் இந்த மாதிரி வீடுகள் எத்தனை என்று பார்க்காமல் "வீடு இத்தனை, ஆகவே ஆள் இத்தனை" என்று பெருக்குவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. தமிழ்நாட்டில் 2011இல் வீட்டுக்குச் சராசரி 3.9 பேர். ஆனால் வயதான தம்பதி மட்டும் இருக்கும் வீடு, பூட்டிய வீடு, வாட்ச்மேன் மட்டும் இருக்கும் வீடு என்று வரிசையாக உள்ள தெருவில் அந்த 3.9 செல்லாது.

ரேஷன் கார்டை எண்ணி குடும்பம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. சென்ஸஸுக்குக் குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் தனிக் கார்டு வாங்கிவிடுவார்கள், உலை மட்டும் ஒன்றாகவே கொதிக்கும். எதிர்மாறாக ஒரே கார்டில் இருந்துகொண்டு மாடியிலும் கீழேயும் தனித்தனியாகச் சமைப்பவர்களும் இருக்கிறார்கள் (மாமியார் மருமகள் விவகாரம், நமக்கெதற்கு). வாக்காளர் பட்டியலும் அப்படியே. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதில் இல்லை என்பது ஒருபக்கம் இருக்க, வில்லாவில் குடியிருப்பவர்களில் பாதிப்பேர் ஓட்டைச் சொந்த ஊரில்தான் வைத்திருப்பார்கள், திருவிழாவுக்குப் போகிற சாக்கு வேண்டுமே.

வேலை பற்றிய எண்களில் ஒரு வார்த்தை ஆளை ஏமாற்றும்: "பிற". சென்ஸஸ் கிராமவாரி அட்டவணையில் உழைப்பவர்கள் நான்கே வகை. சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ பயிர் வைப்பவர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில், மற்றவர் எல்லாரும் பிற. பிற 80 சதவீதம் என்றால் உடனே "ஐடி, அரசு வேலை, தொழிலதிபர்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். ஹைகோர்ட் கிளையில் வாதாடும் வக்கீலும் பிறதான், அவர் வீட்டுக்கு வருகிற கொத்தனாரும் சித்தாளும் ஆட்டோக்காரரும் சமையல் செய்கிற அம்மாவும் பிறதான். அந்தக் கட்டத்தை வைத்து வசதியைச் சொல்லவே முடியாது.

பெண்கள் வேலைக்குப் போகவில்லை என்ற முடிவும் பாதி நேரம் கேட்ட விதத்தால் வருவது. "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்றால் "நான் வேலைக்கெல்லாம் போகல சார், வீட்டுலதான் சும்மா இருக்கேன்" என்பார்கள். சொன்ன அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கறவை மாடு கட்டியிருக்கும், காலையில் நாலரைக்கு எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருப்பார். பால் பணத்தை மாதாமாதம் கையெழுத்துப் போட்டு வாங்குவதும் அவர்தான். "சும்மா"வைக் கேட்டதும் எழுதிவிடாமல் "காலையில எந்திரிச்சதுல இருந்து என்ன பண்ணுவீங்க?" என்று இன்னொரு கேள்வி கேட்டால் வேலை தானாக வெளியே வரும்.

எழுத்தறிவு வீதம் 7 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வைத்துத்தான், மொத்த மக்கள்தொகையால் வகுக்காதீர்கள். 1,000 பேரில் 100 பேர் சின்னப் பிள்ளைகள், படிக்கத் தெரிந்தவர்கள் 810 என்றால் 90 சதவீதம், 81 இல்லை. ஆண் பெண் விகிதம் விநோதமாக இருந்தால் முதலில் ஹாஸ்டலைத் தேடுங்கள். 600 ஆண், 600 பெண் இருக்கும் ஊரில் 250 பையன்கள் தங்கும் காலேஜ் ஹாஸ்டல் ஒன்று இருந்தால் போதும், 1,000 ஆண்களுக்கு 706 பெண் என்று விழுந்துவிடும், உடனே கட்டுரையில் பெண் சிசு பற்றி ஒரு பத்தி முளைக்கும். மதுரையைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் காலேஜ்தான், ஜாக்கிரதை. கிராம அளவில் எஸ்.சி., எஸ்.டி. தவிர வேறு சாதி எண்ணும் மத எண்ணும் 2011 சென்ஸஸ் வெளியீட்டில் இல்லை. "எங்க ஆளுக இந்த ஊர்ல 60 பர்சன்ட்" என்பது டீக்கடைக் கணக்கு.

நில விலையை வருமானமாக எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரோட்டோரம் 40 சென்ட் வைத்திருக்கும் பெரியவர் காகிதத்தில் கோடீஸ்வரர், விற்காதவரை கையில் புழங்குவது வாழைத்தாரும் பேரன் அனுப்பும் பணமும்தான். விற்றுவிட்டால் பணம் வேறெங்கோ போய் இடமாகவோ கடையாகவோ ஆகிவிடும், வாங்கியவர் குடிவர மாட்டார். விலை ஏறுகிறது என்றால் வாங்குகிற ஆளிடம் பணம் இருக்கிறது என்று அர்த்தம், அந்த ஆள் எங்கே இருக்கிறார் என்பது கிரயப் பத்திரத்தில் உள்ள முகவரியைப் பார்த்தால்தான் தெரியும். அதேபோல ரேஷன் அரிசி வாங்குகிறவர்கள் எண்ணிக்கையை வைத்து ஏழைகளைக் கணக்கிடுவதும் தமிழ்நாட்டில் எடுபடாது. இங்கே அரிசி கார்டு எல்லாத் தரப்பிலும் உண்டு, வாங்கிய அரிசி எங்கே போகிறது என்பது வேறு கதை.

அந்தப் பிள்ளையிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டவில்லை, பாவம். வருமானப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வி.ஏ.ஓ.விடம் எல்லை வரைபடத்தைப் பார், வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் போய்ப் பேசு, சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவில் நடந்து எந்தெந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று குறித்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். விளக்கைவிட நல்ல வழியை அதுவே கண்டுபிடித்துவிட்டது. அந்த ஊருக்குத் தண்ணீர் கேன் போடுகிற பையனின் வண்டியோடு ஒரு காலைப் பொழுது பின்னாலேயே போயிருக்கிறது. எந்த வீட்டுக்கு வாரம் எத்தனை கேன், எந்த வீட்டில் ஆள் கூடியிருக்கிறது, எந்த வீட்டில் தாத்தா பாட்டி மட்டும் என்று அவன் மனப்பாடமாகச் சொல்கிறானாம். தேக்குக் கதவு வீட்டைக் காட்டிக் கேட்டதற்கு, "அந்த வீடாக்கா? பொங்கலுக்கு மட்டும் ரெண்டு கேன்" என்றிருக்கிறான்.