முடியோடு மாட்டுத்தோல் பதனிடுதல்: குமரியின் ஈரக்காற்றுக்கு எந்த முறை தாங்கும்?

நான் முதன்முதலில் பதனிட்ட கன்றுத்தோல் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. வெள்ளையும் செவலையும் கலந்த முடி, பின்பக்கம் பால்போல வெளுப்பு, கையில் எடுத்தால் துணிபோலத் துவளும். மார்ச் மாதம் முடித்து முன்னறையில் விரித்தேன். ஜூனில் மழை பிடித்ததும் அது கசகசக்கத் தொடங்கியது. ஒருநாள் சன்னல் வழியே சாரல் அடித்து ஓர் ஓரம் நனைந்தது. காய்ந்தபோது அந்த ஓரம் அப்பளம்போல விறைத்துப்போய், முடி கொத்தாகக் கையோடு வந்தது. படிகாரமும் உப்பும் மட்டும் போட்டுப் பதனிட்ட தோல் அது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் அந்த முறை நிற்காது.

எனவே வேலையைத் தொடங்கும் முன் முறைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்.

படிகாரம் தோலை வெள்ளையாக, மென்மையாக வைத்திருக்கும். ஆனால் அது தோல் நாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதில்லை; தண்ணீர் பட்டால் கழுவிக்கொண்டு போய்விடும். கூடச் சேர்த்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும்.

ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்பு (டானின்) நாரோடு நன்றாகப் பிணையும். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல்தான் ஒரு காலத்தில் சென்னைத் துறைமுகம் வழியாக ‘ஈ.ஐ.’ (ஈஸ்ட் இந்தியா) தோல் என்ற பெயரில் இங்கிலாந்துக்குப் போனது. உறுதிக்குக் குறைவில்லை, ஆனால் தோல் சற்றுக் கனத்து விறைப்பாக இருக்கும், வெள்ளை முடியில் பழுப்பேறும்.

குரோமிய உப்பால் பதனிடும் குரோம் முறைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884-ல் காப்புரிமை பெற்றார். கடையில் வாங்கும் முடித்தோல் விரிப்பின் பின்பக்கம் வெளிர்நீலமாகவோ சாம்பல் நீலமாகவோ இருந்தால் அது பெரும்பாலும் குரோம் தோல். கொதிநீரைத் தாங்கும், நனைந்து காய்ந்தாலும் அதிகம் விறைக்காது. தரம் என்று பார்த்தால் முடித்தோலுக்கு இதுதான் முதலிடம் என்று தயங்காமல் சொல்வேன். ஆனாலும் வீட்டில் செய்யாதீர்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் தோல் கழிவுநீர் பாலாற்றையும் கிணறுகளையும் என்ன செய்தது என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பே சாட்சி. சுத்திகரிப்பு நிலையம் இல்லாத இடத்தில் குரோமியத்தைத் தொடவே கூடாது.

நம் வீட்டுக்கு நான் சொல்லும் வழி, முதலில் கடுக்காய், அதன்மேல் படிகாரம். இந்த வரிசை மாறக் கூடாது. நாருக்குள் முன்பே இறங்கியிருக்கும் கடுக்காயின் துவர்ப்போடு படிகாரத்தின் அலுமினியம் பிணையும்போது, தனித்தனியே இரண்டுக்கும் இல்லாத வெப்பந்தாங்கும் உறுதி வருகிறது. படிகாரத்தை முதலில் போட்டால் அந்த உறுதி கிடைப்பதில்லை.

முதல் படி: தோலைத் தேர்ந்தெடுத்தல்

தொடக்கத்தில் பெரிய மாட்டுத்தோல் வேண்டாம், கன்றுத்தோல் போதும். உரித்துச் சில மணி நேரத்துக்குள் கைக்கு வர வேண்டும். திடீரென்று செத்த மாட்டின் தோலை எக்காரணம் கொண்டும் வாங்காதீர்கள். அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம்; அந்த நோய் மனிதருக்கும் தொற்றும். தொடக்கம் முதல் முடிவு வரை ரப்பர் கையுறை அணிந்திருங்கள்.

இரண்டாம் படி: உப்பிடுதல்

முடி நிற்பதும் உதிர்வதும் இங்கேதான் முடிவாகிறது. பின்னால் எவ்வளவு நல்ல முறையில் பதனிட்டாலும், இங்கே விட்டதைப் பிடிக்க முடியாது. முடியின் வேர்க்குழியில்தான் அழுகல் முதலில் தொடங்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

தோலின் எடையில் பாதி அளவு உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்களின் கல்லுப்பு நமக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. அதை ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். பெரிய கல்லாக இருந்தால் தோலில் பள்ளம் விழும். மாவாக இருந்தால் கட்டிபிடிக்கும். முடிப் பக்கம் கீழே இருக்கும்படி சரிவான பலகையில் விரித்து, சதைப் பக்கம் முழுவதும் தேய்த்துப் பரப்புங்கள். கழுத்து, வால் அடி, கால் மடிப்பு ஆகிய இடங்களை விரலால் பிரித்துவிட்டு உப்பை உள்ளே அழுத்துங்கள். மறுநாள் இளஞ்சிவப்பான நீர் வடிந்திருக்கும். பழைய உப்பை உதறிவிட்டுப் புது உப்பு போடுங்கள். உதறிய உப்பை அடுத்த தோலுக்கு எடுத்து வைக்க வேண்டாம். உப்பளத்துப் பாத்தி நீர் சில நாட்களில் சிவந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பிலேயே வாழும் அந்த நுண்ணுயிர்கள் தோலிலும் செந்திட்டுகளாகப் படரும்.

வெயிலில் காயப்போட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். போதாது. மேல்பக்கம் சட்டென்று காய்ந்து மூடிக்கொள்ள, உள்பக்கம் ஈரத்திலேயே அழுகும்.

மூன்றாம் படி: ஊறவைத்தலும் சதை வழித்தலும்

நாலைந்து நாள் கழித்து, கைப்பிடி உப்பு கரைத்த குளிர்ந்த நீரில் நாலைந்து மணி நேரம் ஊறவிடுங்கள். இரவு முழுவதும் ஊற வேண்டாம். பிறகு வயிற்றுப் பக்கத்து முடியில் நாலைந்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். சிரமமின்றி வந்தால், அங்கேயே நிறுத்திவிட்டு வேறு தோல் பாருங்கள்.

சாதாரணத் தோல் தொழிலில் சுண்ணாம்பும் சல்பைடும் முடியை நீக்குவதோடு நாரையும் இளக்கிக் கொடுக்கும். நமக்கு முடி வேண்டும் என்பதால் சுண்ணாம்பு கிடையாது. ஆகவே மருந்து முழுவதும் சதைப் பக்கம் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் கொழுப்பும் சவ்வும் அதன் வழியை அடைக்கும். சாய்த்து வைத்த தென்னந்தடியில் தோலைப் போட்டு, மழுங்கிய கத்தியால் தள்ளித் தள்ளி வழியுங்கள். முதல் தடவை அரைநாள் பிடிக்கும்.

நான்காம் படி: அமிலக் குளியல்

பிளாஸ்டிக் தொட்டியில் 5 லிட்டர் தண்ணீர், 5 லிட்டர் வெள்ளை வினிகர், 1 கிலோவுக்குக் குறையாமல் உப்பு. உப்பு குறைந்தால் தோல் ஊதிக் கெட்டுவிடும். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாளில் 3-க்குக் கீழே காட்ட வேண்டும். மூன்று நாள், தினமும் இருமுறை கிளறுங்கள். பிறகு சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகக் கரைத்து 4 வரை ஏற்றுங்கள்.

ஐந்தாம் படி: கடுக்காயும் படிகாரமும்

தோலின் எடையில் பாதி அளவு, கொட்டை நீக்கி இடித்த கடுக்காயை வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டிக்கொள்கிறேன். இரும்புப் பாத்திரம் கூடவே கூடாது. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் மைபோலக் கருக்கும். வடித்த நீரில் தண்ணீர் கலந்து மென்மையாக்கி, முதல் நாள் அதைச் சதைப் பக்கத்தில் மட்டும் தூரிகையால் பூசுங்கள். அடுத்தடுத்த நாட்களில் கெட்டியாக்கிக்கொண்டே போங்கள். முதலிலேயே கெட்டியாகப் பூசினால் மேல்தோல் இறுகி, நடுப்பகுதி பச்சையாகவே நின்றுவிடும். பூசியதும் சதைப் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, ஈரத்துணி போர்த்தி வையுங்கள். முடியில் கறை படாமல் இருக்கவே இந்தச் சிரமம். கறுப்புத் தோல் என்றால் நேராக முக்கியே எடுக்கலாம்.

ஒரு வாரம் கழித்துக் கழுத்தின் ஓரத்தில் சிறு துண்டு வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் இறங்கவில்லை. நிறம் முழுவதும் ஒன்றானபின், தோலின் எடையில் பத்தில் ஒரு பங்கு படிகாரத்தைக் கரைத்து இரண்டு நாள் அதேபோலப் பூசுங்கள். கடைசியில் ஒரு துண்டைச் சூடான நீரில் போட்டு நீரைச் சிறிது சிறிதாகச் சூடாக்குங்கள். பதனிடாத தோல் 65 டிகிரிக்குள் சுருண்டுவிடும். உங்கள் துண்டு அதற்கு வெகுதூரம் மேலேயும் தட்டையாக நின்றால் நிம்மதியாக அடுத்த படிக்குப் போகலாம்.

ஆறாம் படி: எண்ணெயும் உலர்த்தலும்

கழுவிப் பிழிந்து, பாதி ஈரத்தில், சல்போனேட் செய்த (நீரில் கலக்கும்படி மாற்றிய) ஆமணக்கு எண்ணெயைச் சுடுநீரில் கலக்கிச் சதைப் பக்கம் தேய்த்துவிடுங்கள். கடற்கரையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பச்சை மீன் எண்ணெய் போட வேண்டாம். வாடை போகவே போகாது.

மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி நிழலில் உலர்த்துங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்கள் கணவாய்க் காற்று நேராக அடிக்கும் இடத்தைத் தவிருங்கள். வேகமாகக் காய்ந்தால் பலகைதான் மிஞ்சும். முக்கால் பங்கு காய்ந்ததும் அவிழ்த்து, மழுங்கிய பலகை விளிம்பில் சதைப் பக்கத்தை முன்னும் பின்னும் இழுங்கள். விறைப்பாக இருந்த இடம் விரலுக்கடியில் வெளுத்து இளகுவது கண்ணுக்கே தெரியும். மறுபடி காயவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். எனக்கு ஒரு கன்றுத்தோலுக்கு மூன்று மாலைகள் ஆகின்றன. இந்த வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட மாதங்களை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஜூன் மழை தொடங்கியதும் வாரம் ஒருமுறை விரிப்பின் மூலையைத் தூக்கி அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்கே எடுத்து மின்விசிறிக்குக் கீழே தொங்கவிடுங்கள்.