குழந்தைகளுக்கான ஆப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, இரண்டு கல்லூரி மாணவிகளின் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்கறிகளின் தமிழ்ப் பெயர்களைச் சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லித்தரும் ஆப். படங்களை அவர்களே வரைந்திருக்கிறார்கள். குரல் ஒருத்தியின் பாட்டியுடையது. பீர்க்கங்காய், சுரைக்காய், கொத்தவரங்காய் என்று அந்தப் பாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் பிளே ஸ்டோரில் மூன்றாவது முறையாக ரிஜெக்ட் ஆகியிருந்தது.

"என்ன மாத்தி அனுப்பினாலும் அதே மெயில்தான் அண்ணா வருது."

மெயிலைத் திறந்து அதில் இருந்த ஒரே ஒரு எண்ணைக் காட்டினேன். இருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. 2023-இல் நானும் கவனிக்கவில்லை. அதனால் என் ஆப் ஆறு வாரத்துக்கு மேல் ஸ்டோரிலேயே இல்லாமல் போனது. இவர்களோடு சேர்த்து இந்த வருடம் இதே தவறைச் செய்த ஐந்தாவது ஆளைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஐகான் அளவு, ஸ்கிரீன்ஷாட் எண்ணிக்கை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை பிளே கன்சோலே (ஆப்பை நாம் கூகுளுக்கு அனுப்பும் தளம்) சொல்லிவிடும், அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம்.

முதலில் ஒரு தெளிவு. கூகுள் பிளேயின் குடும்பத் திட்டம் 2015-இல் வந்தபோது, விருப்பம் உள்ளவர்கள் விண்ணப்பித்துச் சேர்வதாக இருந்தது. 2019-இல் விதி மாறியது. இப்போது ஒவ்வொருவரும் தன் ஆப் எந்த வயதினருக்கு என்று கன்சோலில் சொல்லியாக வேண்டும். அதில் குழந்தைகள் இருந்தால், குழந்தைகளுக்கான ஆப்களுக்குக் கூகுள் வைத்திருக்கும் குடும்பக் கொள்கை முழுவதும் தானாகவே பொருந்தும். "நான் அந்தத் திட்டத்தில் சேரவே இல்லையே" என்று சொல்ல இடமில்லை.

எல்லா வயதையும் டிக் செய்வது

கன்சோலில் ஆறு வயதுக் கட்டங்கள் இருக்கின்றன: 5 வயது வரை, 6–8, 9–12, 13–15, 16–17, 18-க்கு மேல். புதிதாக வருபவர்கள் ஆறையும் டிக் செய்துவிடுகிறார்கள். நிறையப் பேருக்குப் போய்ச் சேரும் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் சேராது. குழந்தைகளும் பெரியவர்களும் கலந்த ஆப் என்று ஆகிவிட்டால், யார் குழந்தை என்று பிரித்தறிய வயது கேட்கும் திரை வைக்க வேண்டி வரும். அதிலும் "13 வயது ஆகியிருந்தால்தான் திறக்கும்" என்பதுபோல விடையைக் காட்டிக்கொடுக்கக் கூடாது. உயிரெழுத்து சொல்லித்தரும் ஆப்புக்கு இவ்வளவு பாடு எதற்கு? அதை 17 வயதுக்காரர் யாரும் இறக்கப்போவதில்லை.

இதற்கு நேர்மாறாகச் செய்பவர்களும் உண்டு. குழந்தை விதிகளே வேண்டாம் என்று 13-க்கு மேல் மட்டும் டிக் செய்வார்கள். ஐகானில் கண் சிமிட்டும் யானைக்குட்டி இருக்கும், விளக்கத்தில் 'சுட்டிகளுக்காக' என்று இருக்கும். ரிவ்யூ செய்பவர்கள் ஐகான், படம், வாசகம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி 13 வயதுக்குக் கீழே குழந்தை. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிறையாத எல்லோரும் குழந்தைகள்தான். அதன் 9-ஆவது பிரிவு, குழந்தைகளின் நடவடிக்கையைப் பின்தொடர்வதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. கட்டத்தில் பொய் சொல்லித் தப்பிக்கும் விஷயம் இல்லை இது. யாருக்காகச் செய்தீர்களோ அந்த ஒன்றிரண்டு கட்டங்களை மட்டும் டிக் செய்யுங்கள்.

விளம்பர எஸ்டிகே, அதன்பின் பழைய பண்டில்

எஸ்டிகே என்பது வேறொருவர் எழுதித் தரும், நம் ஆப்புக்குள் இணைத்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு. பண்டில் என்பது ஸ்டோருக்கு நாம் அனுப்பும் ஆப் ஃபைல். இந்தப் பகுதி நீளமாகத்தான் இருக்கும். இன்றைக்கும் நினைத்தால் எனக்கு எரிச்சல் வருகிற விஷயம் இது.

என் ஆப் தமிழ் எழுத்துகளை விரலால் வரைந்து பழகுவதற்கானது. 2022-இல் வெளியிட்டேன். சர்வர் செலவுக்காவது காசு வரட்டும் என்று விளம்பரம் சேர்த்தேன். முதன்மை எஸ்டிகேயில் 'இது குழந்தைகளுக்கானது' என்ற குறியை ஒழுங்காக வைத்தேன், விளம்பரத் தரத்தையும் 'ஜி' என்று கட்டுப்படுத்தினேன். வருமானம் கொஞ்சம் கூடும் என்று ஒரு நண்பர் சொன்னதால் மீடியேஷன் (பல விளம்பர நெட்வொர்க்குகளை ஒன்றாக இணைக்கும் வசதி) வழியாக இன்னொரு விளம்பர நெட்வொர்க்கையும் இணைத்தேன். நான் வைத்த குறி அந்த நெட்வொர்க்குக்குப் போய்ச் சேர்கிறதா என்று சோதித்துப் பார்க்கவில்லை. போய்ச் சேரவில்லை.

அம்பத்தூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "சார், என் பையன் 'ழ' எழுதி முடிச்சதும் ரம்மி விளையாடச் சொல்லி விளம்பரம் வருதுங்க." பையனுக்கு நாலு வயது. ஆன்லைன் ரம்மியால் நம் ஊரில் எத்தனை குடும்பங்கள் சீரழிந்தன என்று அந்த அம்மாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மன்னிப்பு கேட்டேன். அன்று இரவே அந்த நெட்வொர்க்கைச் சர்வரில் நிறுத்திவிட்டேன். ஆப்புக்குள் அதன் கோடு (code) அப்படியே இருந்தது.

இங்கே விதி என்ன? குழந்தைகளுக்கு விளம்பரம் காட்டினால், குடும்பக் கொள்கைக்கு இணங்குவதாகத் தாமே சான்றளித்த விளம்பர எஸ்டிகேக்களின் பட்டியல் ஒன்றைக் கூகுள் வெளியிடுகிறது, அதில் உள்ளவற்றை மட்டுமே பயன்படுத்தலாம். பெயரோடு சேர்த்து வெர்ஷனையும் பார்க்க வேண்டும். மீடியேஷனில் இணைக்கும் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் இது பொருந்தும். விளம்பரமே வராதபடி நிறுத்தி வைத்திருந்தாலும், எஸ்டிகே பண்டிலுக்குள் கிடந்தால் ரிவ்யூவில் மாட்டும்.

அடுத்தது அட்வர்டைசிங் ஐடி. ஒரு போனுக்கு ஒரு எண். அதை வைத்துத்தான் இந்த ஆள் நேற்று என்ன பார்த்தார், இன்று என்ன பார்க்கிறார் என்று விளம்பரக்காரர்கள் தொடர்கிறார்கள். குழந்தைகளுக்கு மட்டுமேயான ஆப் இந்த எண்ணை அனுப்பவே கூடாது. ஆண்ட்ராய்டு 13-ஐயோ அதற்கு மேலானதையோ இலக்காக வைத்தால் அதற்கான அனுமதியைக் கேட்கவும் கூடாது. "நான் கேட்கவே இல்லையே" என்பீர்கள். நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், எஸ்டிகே கேட்டிருக்கும். பில்டு செய்யும்போது எல்லா லைப்ரரிகளின் மேனிஃபெஸ்டும் (என்னென்ன அனுமதி வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) உங்கள் மேனிஃபெஸ்டோடு கலக்கும். விளம்பர எஸ்டிகே மட்டுமா, அனலிட்டிக்ஸ் எஸ்டிகேயும் இந்த அனுமதியைக் கூடவே கொண்டுவரும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் மேனிஃபெஸ்ட் ஃபைலைத் திறந்து, கீழே 'மெர்ஜ்டு மேனிஃபெஸ்ட்' என்ற டேபைப் பாருங்கள். அந்த அனுமதி அங்கே இருந்தால், உங்கள் மேனிஃபெஸ்டில் அதை 'ரிமூவ்' என்று குறித்து ஒரு வரி சேர்த்தால் போதும், அடுத்த பில்டில் போய்விடும்.

இதெல்லாம் எனக்கு 2023 நவம்பரில்தான் தெரிந்தது. புது ஆண்ட்ராய்டு வெர்ஷனுக்காக அப்டேட் அனுப்பினேன், வெர்ஷன் கோட் (ஒவ்வொரு பண்டிலுக்கும் நாம் கொடுக்கும் எண்) 11. ரிஜெக்ட். பட்டியலில் இல்லாத நெட்வொர்க்கை முழுவதும் அகற்றி 12 அனுப்பினேன். ரிஜெக்ட், அதே வாசகம். கோபத்தில் அனலிட்டிக்ஸ், விளம்பரம் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு 13 அனுப்பினேன். அதுவும் ரிஜெக்ட். அடுத்த மெயிலில் ஆப்பையே ஸ்டோரிலிருந்து நீக்கிவிட்டதாக வந்தது.

டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை. கோடு எழுத வழியில்லை. மொட்டைமாடியில் ஒரு மூலையில் மட்டும் சிக்னல் வந்தது. அங்கே நின்று, பவர்பேங்கில் மிச்சமிருந்த சார்ஜில், வந்த மெயில்களை எல்லாம் முதலிலிருந்து வரிவரியாகப் படித்தேன். எல்லா மெயிலிலும் ஒரே வெர்ஷன் கோடைத்தான் குறிப்பிட்டிருந்தார்கள். அது 7.

நான் அனுப்பியவை 11, 12, 13. 7 என்பது ஒன்றரை வருடத்துக்கு முந்தைய பண்டில். எங்கள் அபார்ட்மென்ட்டுத் தாய்மார்கள் சிலர் பார்த்துச் சொல்லட்டும் என்று குளோஸ்டு டெஸ்டிங் டிராக்கில், அதாவது நாம் அழைத்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் சோதனைப் பிரிவில் போட்டு, அப்படியே மறந்துபோனது. அந்த நெட்வொர்க்கோடு, அட்வர்டைசிங் ஐடி அனுமதியோடு அது அங்கே உயிரோடு இருந்தது. ரிவ்யூவில் பொதுமக்களுக்குப் போகும் புரொடக்‌ஷனை மட்டும் பார்ப்பதில்லை. இன்டர்னல், குளோஸ்டு, ஓப்பன் என்று எந்த டிராக்கில் எந்தப் பண்டில் செயலில் இருந்தாலும் கொள்கை அதற்கும் பொருந்தும்.

சரிசெய்யும் வழி இதுதான். சுத்தமான புதுப் பண்டிலை, பழையது கிடக்கும் ஒவ்வொரு டிராக்கிலும் புது ரிலீஸாகப் போட வேண்டும். ரிலீஸை உறுதிசெய்யும் திரையில், பழைய வெர்ஷன் கோட் 'சேர்க்கப்படாதவை' என்ற பகுதிக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரோல்அவுட் 100 சதவீதமாக இருக்க வேண்டும். 50 சதவீதத்தில் நிறுத்தினால் மீதிப் பேருக்குப் பழையதுதான் போகும், அதாவது அது இன்னும் செயலில் இருக்கிறது. பண்டில் எக்ஸ்ப்ளோரரில் ஒவ்வொரு பண்டிலும் என்னென்ன அனுமதி கேட்கிறது என்ற பட்டியலும் இருக்கிறது, அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இதைச் செய்ய எனக்கு ஆனது இருபது நிமிடம். ஆப் திரும்ப வந்தபோது பொங்கல் முடிந்திருந்தது. அரையாண்டு விடுமுறை, பொங்கல் விடுமுறை என்று பிள்ளைகள் வீட்டில் இருந்த நாட்கள் முழுவதும் ஆப் ஸ்டோரில் இல்லை.

இப்போது இந்தத் தவறு இன்னும் எளிதாக நடக்கிறது. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்கு திறந்தவர்கள், வெளியிடுவதற்கு முன் குளோஸ்டு டெஸ்டிங் நடத்தியே ஆக வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்தது, 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். தொடர்ந்து 14 நாள். ஆக, புதிதாகத் தனிநபர் கணக்கு திறக்கும் எல்லோருக்கும் குளோஸ்டு டிராக்கில் ஒரு பழைய பண்டில் கிடக்கிறது. அந்த இரண்டு மாணவிகளின் மெயிலில் இருந்த எண் 3. அவர்கள் அனுப்பிக்கொண்டிருந்தது 9.

மெயில் வந்தால் முதலில் வெர்ஷன் கோடைப் பாருங்கள். பிறகு ஆப்பின் கோடைத் திறந்து பாருங்கள்.

லொகேஷன் அனுமதி

குழந்தைகளுக்கு மட்டுமேயான ஆப்பில் கேட்கவே கூடாது.

டேட்டா சேஃப்டி படிவம்

ஆப் எந்தத் தகவலைச் சேகரிக்கிறது என்று கேட்கும் இந்தப் படிவத்தில் 'எதையும் சேகரிப்பதில்லை' என்று எழுதிவிட்டு உள்ளே கிராஷ் ரிப்போர்ட் எஸ்டிகே வைத்திருப்பார்கள். அதுவும் சேகரிப்புதான். எஸ்டிகே எதை எடுக்கிறது என்று அதைத் தயாரித்தவர்களே ஆவணத்தில் எழுதியிருப்பார்கள், அதைப் பார்த்து நிரப்புங்கள்.

பிரைவசி பாலிசி

பிடிஎஃப் வேண்டாம். யாரும் திருத்தக்கூடிய ஆவண இணைப்பும் வேண்டாம். சாதாரண இணையப் பக்கம் போதும்.

வெளியே போகும் பட்டன்கள்

'வாட்ஸ்அப்பில் பகிர்', 'எங்கள் மற்ற ஆப்கள்' என்று முதல் திரையிலேயே வைப்பது. அதைத் தொடுவது மூன்று வயதுக் குழந்தை. அதற்குத் தெரியாமலே அப்பாவின் வாட்ஸ்அப் திறக்கும், அலுவலக குரூப்புக்கு ஏதாவது போய்ச் சேரும். ஆப்பிளின் கிட்ஸ் பிரிவில் இப்படி வெளியே போகும் இணைப்பும், பணம் கட்டும் இடமும் பெற்றோர் மட்டும் திறக்கக்கூடிய தடுப்புக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் வெளியிட்டாலும் நான் அதையே கடைப்பிடிக்கிறேன். பெருக்கல் கணக்கு ஒன்று வைத்தால் சின்னக் குழந்தை தாண்டாது.

ரிஜெக்ட் ஆனதும் புதுக் கணக்கு திறப்பது

வேண்டவே வேண்டாம். பழைய கணக்கு நீக்கப்பட்டிருந்தால் அதோடு தொடர்புடைய கணக்கும் நீக்கப்படும்.

குழந்தையிடம் கொடுத்துப் பார்க்காமல் வெளியிடுவது

ஆப் திறந்த உடனேயே முழுத்திரை விளம்பரம் கூடாது, ஒரே பக்கத்தில் பல விளம்பரம் கூடாது, இடையில் வருவதை 5 நொடிக்குப் பிறகு மூட முடிய வேண்டும். இவை கொள்கையில் இருப்பவை. கொள்கையில் இல்லாத ஒன்றை முகலிவாக்கத்தில் என் அக்கா மகளிடமிருந்து தெரிந்துகொண்டேன். அவளுக்கு அப்போது மூன்றரை வயது. போனைத் தரையில் வைத்து, உள்ளங்கையைத் திரையின் கீழ்ப்பகுதியில் ஊன்றிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் 'அ' வரைந்தாள். நான் பேனர் விளம்பரத்தைக் கீழேதான் வைத்திருந்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் அவள் உள்ளங்கை பேனரைத் தொட்டது, ஒவ்வொரு முறையும் பிரவுசர் திறந்தது. நாலாவது முறை போனை என்னிடம் நீட்டி, "மாமா, இது எழுத விட மாட்டேங்குது" என்றாள்.

பேனரை மேலே மாற்றிப் பார்த்தேன், எழுத்தின் சுழி தொடங்கும் இடத்தை மறைத்தது. பிறகு எடுத்தேவிட்டேன். இப்போது அந்த ஆப்பில் விளம்பரம் இல்லை. சொற்கள் பகுதிக்கு மட்டும் ஒருமுறை கட்டணம், அதுவும் பெருக்கல் கணக்குக்குப் பின்னால்.