கத்தரி இலையில் டி.என்.ஏ. எடுத்து வரிசை படிப்பது: முதன்முறை செய்பவர்களுக்கான செய்முறை

வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உள்ளூர்ப் பயிர் என்பதால் திட்டப்பணிக்கு இதையே எடுத்துக்கொள்ளலாம் என்று யோசிக்கும் மாணவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது. டி.என்.ஏ. பிரிக்கக் கத்தரி இலை கொஞ்சம் முரண்டு பிடிக்கும். காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் விட்டால் கறுத்துப்போகிறதல்லவா, அதே வினை இலையை அரைக்கும்போதும் நடக்கிறது. செல் உடைந்ததும் பீனால் சேர்மங்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு எத்தனை முறை கழுவினாலும் போகாது. பி.சி.ஆர். (டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பல மடங்காகப் பெருக்கும் முறை) தோற்பதும் வரிசைப் படம் குழம்புவதும் பெரும்பாலும் இந்த முதல் ஒரு நிமிடத்தில்தான் தொடங்குகின்றன. அதனால் இங்கே பிரித்தெடுப்புக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

இலை

நுனியிலிருந்து இரண்டாவது, மூன்றாவது இளம் இலைகளை வெயில் ஏறுமுன் பறியுங்கள். பகல் முழுக்க ஒளிச்சேர்க்கை நடந்த இலையில் மாவுச்சத்து சேர்ந்திருக்கும். அது பின்னால் கூழாக வந்து தொல்லை தரும். தொட்டிச் செடியாக இருந்தால் முந்தைய இரவே இருட்டில் வைத்துவிடுங்கள். நடு நரம்பையும் அதன் மேலுள்ள முள்ளையும் கிள்ளி நீக்குங்கள். கத்தரி இலையின் பூமயிரில் தூசியும் பூச்சி முட்டையும் ஒட்டியிருக்கும். 70% எத்தனால் நனைத்த பஞ்சால் இருபுறமும் துடையுங்கள். தோட்டத்திலிருந்து ஆய்வகம் வர நேரமாகும் என்றால் ஐஸ் பெட்டியில் கொண்டுவரலாம். இல்லையென்றால் இலை எடையைப் போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லோடு பையில் போட்டு மூடுங்கள்.

சிடிஏபி கரைசல், 100 மி.லி.

சிடிஏபி என்பது செல் சவ்வை உடைக்கும் சோப்பு போன்ற தூள். 70 மி.லி. வாலை வடிநீரில் சோடியம் குளோரைடு 8.18 கிராம், 1 மோலார் டிரிஸ் (பி.எச். 8.0) 10 மி.லி., 0.5 மோலார் இ.டி.டி.ஏ. (பி.எச். 8.0) 4 மி.லி. சேருங்கள். காந்தக் கலக்கியில் மிதமாகச் சூடேற்றியபடி சிடிஏபி தூள் 2 கிராமைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். வேகமாகக் கலக்கினால் சோப்பு போல நுரைத்துவிடும். தூள் மூக்கில் ஏறாமல் முகக்கவசம் அணியுங்கள். கடைசியில் பி.வி.பி. 1 கிராம் போட்டு 100 மி.லி.க்கு நிரப்புங்கள்.

மெர்காப்டோ எத்தனாலைப் பாட்டிலில் மொத்தமாகக் கலக்க வேண்டாம். அன்றைக்குத் தேவையான கரைசலில் மட்டும், மி.லி.க்கு 2 மைக்ரோலிட்டர், ஃபியூம் ஹூடுக்குள் (நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி) வைத்துச் சேருங்கள். ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது இதுதான், பி.வி.பி. பீனாலைப் பிடித்து வைக்கிறது.

அரைப்பது

திரவ நைட்ரஜன் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வேலை நடக்கும். கல்வத்தையும் கரைசலையும் 65 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள். 100 மில்லிகிராம் இலையைப் போட்டு, உடனே 1 மி.லி. கரைசலை ஊற்றி, ஒரு நிமிடத்துக்குள் அரைத்து முடியுங்கள். இலையை வெறுமனே அரைத்துவிட்டுப் பிறகு கரைசல் ஊற்றக் கூடாது. விழுது பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பேறினால் தயங்காமல் கொட்டிவிட்டுப் புது இலையில் தொடங்குங்கள். அதைத் தொடர்ந்தால் அன்றைய நாள்தான் வீணாகும்.

விழுதை 2 மி.லி. பாலிபுரோப்பிலின் டியூபுக்கு மாற்றி, 65 டிகிரி நீர்த்தொட்டியில் 40 நிமிடம் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள்.

குளோரோஃபார்ம்

குளோரோஃபார்ம் 61 டிகிரியிலேயே கொதிக்கும். நீர்த்தொட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு ஊற்றினால் டியூப் மூடி தெறிக்கும். ஐந்து நிமிடமாவது ஆறவிடுங்கள். செய்முறைப் புத்தகங்களில் ‘அறை வெப்பநிலை’ என்று போட்டிருப்பது 20 முதல் 25 டிகிரி. மே மாத வேலூர் அறையை அதில் சேர்க்க முடியாது. அந்தச் சூட்டில் குளோரோஃபார்ம் பைப்பெட் டிப்பிலிருந்து தானாகவே சொட்டும். இரண்டு மூன்று முறை உறிஞ்சி வெளியேற்றி, டிப்பின் உட்புறத்தை ஆவியால் நிறைத்த பிறகு அளந்தால் சொட்டாது. நைட்ரைல் கையுறையைக் குளோரோஃபார்ம் சீக்கிரம் ஊடுருவிவிடும். பட்டால் உடனே மாற்றுங்கள். கழிவைச் சிங்க்கில் ஊற்றாமல் தனிப் பாட்டிலில் சேருங்கள்.

குளோரோஃபார்மும் ஐசோஅமைல் ஆல்கஹாலும் 24-க்கு 1 விகிதத்தில் கலந்ததைச் சம அளவு சேர்த்து, பத்து நிமிடம் மெதுவாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். வோர்ட்டெக்ஸ் (அதிர்வுக் கலக்கி) வேண்டாம், நீளமான டி.என்.ஏ. இழை அறுந்துபோகும். பிறகு நிமிடத்துக்கு 12,000 சுற்று வேகத்தில் 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ். ரோட்டரின் ஆரம் 8.4 செ.மீ. என்றால் அது ஏறக்குறைய 13,500 ஜி.

இந்தக் கட்டத்தில் 4 டிகிரி குளிர் வேண்டாம். 15 டிகிரிக்குக் கீழே சிடிஏபி வெள்ளையாகத் திரண்டு டி.என்.ஏ.வையும் இழுத்துக்கொள்ளும். குளிரூட்டும் வசதி இல்லாத சாதாரண சென்ட்ரிஃபியூஜ் இங்கே குறையே இல்லை.

மேலே தெளிந்த நீர்ப்பகுதி, நடுவே வெள்ளைப் புரத ஏடு, கீழே பச்சைக் குளோரோஃபார்ம் என்று மூன்று அடுக்கு தெரியும். டிப் நுனியை 3 மில்லிமீட்டர் வெட்டிவிட்டு மேலடுக்கை மட்டும் எடுங்கள். ஏட்டுக்கு மேலே கொஞ்சம் மிச்சம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். கலங்கலாக இருந்தால் குளோரோஃபார்ம் சுற்றை இன்னொரு முறை செய்யுங்கள். கத்தரிக்கு நாங்கள் எப்போதும் இரண்டு முறை சொல்வோம்.

வீழ்படிவு

500 மைக்ரோலிட்டர் நீர்ப்பகுதிக்கு 330 மைக்ரோலிட்டர் ஐசோபுரோப்பனால். மெல்லக் கவிழ்க்கும்போது வெள்ளை நூல் திரளாகத் தெரியும். தெரியாவிட்டாலும் பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் விட்டு, 12,000 சுற்றில் 10 நிமிடம் சுற்றுங்கள். உறைபெட்டியில் இரவு முழுக்க வைத்தால் உப்பும் சேர்ந்து படியும். திரவத்தைக் கவிழ்த்துவிட்டு, 500 மைக்ரோலிட்டர் 70% எத்தனாலில் இரண்டு முறை கழுவி, 10 நிமிடம் உலர்த்துங்கள். வெயில் காலத்தில் அதற்கும் முன்பே காய்ந்துவிடும். மிகையாகக் காய்ந்த படிவு எளிதில் கரையாது. 50 மைக்ரோலிட்டர் 10 மில்லிமோலார் டிரிஸ் (பி.எச். 8.0) ஊற்றிக் கரையுங்கள். மி.லி.க்கு 10 மில்லிகிராம் ஆர்.என்.ஏஸ் (ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி) கரைசலில் 1 மைக்ரோலிட்டர் சேர்த்து, 37 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள்.

வந்ததா என்று பார்ப்பது

நானோடிராப் என்ற ஒளி உறிஞ்சல் அளவியில் 260/280 (அந்த நானோமீட்டர் அலைநீளங்களின் உறிஞ்சல்) விகிதம் 1.8 அருகிலும் 260/230 விகிதம் 2-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். முதலாவது 1.7-க்குக் கீழே என்றால் புரதம் மிச்சம். இரண்டாவது குறைந்தால் மாவுப்பொருளோ பீனாலோ உப்போ இருக்கிறது. படிவு கூழாக வழுக்கினால் மாவுப்பொருள்தான். அதைக் கரைத்து, பாதி அளவு 5 மோலார் சோடியம் குளோரைடும் இரண்டு பங்கு எத்தனாலும் சேர்த்து மறுபடி படியவையுங்கள். உப்பு மிகுந்த நிலையில் மாவுப்பொருள் கரைந்தே இருக்கும், டி.என்.ஏ. படியும்.

எண்ணை மட்டும் நம்பாமல் ஜெல்லிலும் ஓட்டுங்கள். 50 மி.லி. டி.ஏ.இ. கரைசலில் 0.4 கிராம் அகரோஸ், 80 வோல்ட், 45 நிமிடம். குழியருகே ஒரே அழுத்தமான பட்டை வந்தால் நல்ல டி.என்.ஏ. மேலிருந்து கீழ்வரை இழுவினால் அறுந்திருக்கிறது. அடியில் மட்டும் மங்கலான திட்டு ஆர்.என்.ஏ. மாதிரி குழியில் தங்காமல் மிதந்து போனால் எத்தனால் முழுதாக உலரவில்லை.

பெருக்கமும் வரிசையும்

தாவர அடையாளத்துக்கு ஆர்.பி.சி.எல்., மேட்-கே என்ற இரு மரபணுப் பகுதிகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று 2009-ல் பன்னாட்டுத் தாவரக் குழு பரிந்துரைத்தது. எளிதாகப் பெருகுவது ஆர்.பி.சி.எல். 25 மைக்ரோலிட்டர் வினைக்கு (அளவெல்லாம் மைக்ரோலிட்டரில்): 2 மடங்கு மாஸ்டர் மிக்ஸ் (நொதியும் மூலப்பொருள்களும் கலந்த கரைசல்) 12.5, 10 மைக்ரோமோலார் பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் குறு டி.என்.ஏ. துண்டு) இரண்டில் ஒவ்வொன்றும் 1, சுமார் 30 நானோகிராம் டி.என்.ஏ. உள்ள கரைசல் 1, நீர் 9.5. 94 டிகிரியில் 4 நிமிடம். பிறகு 94-ல் 30 நொடி, 55-ல் 30 நொடி, 72-ல் 1 நிமிடம் என 35 சுற்று. முடிவில் 72-ல் 10 நிமிடம். டி.என்.ஏ. போடாத டியூப் ஒன்று கட்டாயம் வேண்டும். அதிலும் பட்டை வந்தால் எல்லாவற்றையும் தூக்கிப்போடுங்கள். ஒன்றிலுமே பட்டை வராவிட்டால் டி.என்.ஏ.வைக் கூட்டாதீர்கள், பத்து மடங்கு நீர்த்துப் பாருங்கள். தடுக்கும் பீனாலும் சேர்ந்து நீர்த்துப்போவதால் பல முறை அதுவே தீர்வாகிவிடும். மின்சாரம் போனால் சுற்று பாதியில் நிற்காமல் இருக்க, பி.சி.ஆர். இயந்திரத்தை யு.பி.எஸ்.ஸில் இணைத்துவிடுங்கள்.

பெருக்கியதைத் தூய்மைசெய்து சாங்கர் முறை வரிசைக்கு அனுப்பும்போது ஒரு டியூபுக்கு ஒரே பிரைமர். இரண்டும் சேர்ந்தால் இரு திசை வரிசைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, படம் முழுக்க இரட்டை முகடுகளாக இருக்கும். திரும்பி வரும் கோப்பின் முகடுகளைக் கண்ணால் பாருங்கள். முதல் 30–50 எழுத்துகள் எப்போதுமே குழப்பம், வெட்டிவிடுங்கள். தர எண் 20 என்றால் நூறில் ஓர் எழுத்து தவறாக இருக்க வாய்ப்பு. அதற்குக் கீழே வரும் பகுதியை நம்ப வேண்டாம்.

பிளாஸ்ட் என்ற இணைய வரிசைத் தேடலில் போட்டுப் பார்த்தால் கத்தரி என்றோ அதன் நெருங்கிய இனம் என்றோ பதில் வரும். இலவம்பாடிக் கத்தரியா வேறு ரகமா என்று இந்த ஆர்.பி.சி.எல். பகுதி சொல்லாது. ரகங்களுக்கிடையே இதில் வேறுபாடு அநேகமாக இருக்காது. ரகம் பிரிக்க, ரகத்துக்கு ரகம் மாறும் எஸ்.எஸ்.ஆர். அல்லது எஸ்.என்.பி. என்ற டி.என்.ஏ. குறிப்பான்கள் வேண்டும். அதற்கும் இதே டி.என்.ஏ. போதும். 10 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்து, தேதியும் செடி எண்ணும் எழுதி, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஒரே டியூபைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் இழை அறுந்துவிடும்.