பர்ராவில் சாவி வாங்காமல் சுற்றாதீர்கள்

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரம் போனால் பர்ரா. 1845-இல் ஆடு மேய்ப்பவர்கள் கண்ணில் செம்புத் தாது பட, 1877 வரை சுரங்கம் ஓடிய ஊர். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் கார்ன்வாலிலிருந்து சுரங்கக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வந்து தோண்டினார்கள். நான் முதல் தடவை போனதைப் போனதாகவே கணக்கில் வைப்பதில்லை. கடைத்தெருவில் காரை நிறுத்தி, கல் கட்டடங்கள் முன்னால் நின்று படம் எடுத்து, காபி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம். பெரும்பாலானவர்கள் செய்வதும் இதுதான்.

பெரிய தவறு, சாவி வாங்காமல் சுற்றுவது. இங்கே முக்கியமான சில பழைய இடங்கள் எப்போதும் பூட்டியே கிடக்கும். "மூடிட்டாங்க போல" என்று திரும்பிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூடவில்லை. ஊர் நடுவில் உள்ள சுற்றுலாத் தகவல் மையத்தில் 'பாஸ்போர்ட்' என்று ஒன்று விற்கிறார்கள். ஒரு கையேடு, கூடவே ஒரு சாவி. நாமே பூட்டைத் திறந்து, பார்த்து முடித்து, நாமே பூட்டிவிட்டு வர வேண்டும். 1856-இல் திறந்த ரெட்ரூத் சிறை, யூனிகார்ன் மது ஆலையின் நிலவறைகள், ஓடைக்கரைக் குகைவீடுகள் எல்லாம் இப்படித்தான். கம்பிக் கதவை நாமே தள்ளித் திறந்து, ஆளே இல்லாத சிறைக்குள் தனியாக நடக்கும்போது குரல் தானாகவே தணிந்துவிடுகிறது.

அந்தக் குகைவீடுகளை "வெறும் பொந்துதானே" என்று தாண்டிப் போகாதீர்கள். சுரங்கம் வேகமாக வளர்ந்தது. வீடு போதவில்லை, வாடகையும் கட்டுப்படியாகவில்லை. ஓடையின் மண்கரையைக் குடைந்து அறையாக்கி, மேலே தரையில் துளை போட்டுப் புகைபோக்கி வைத்துக் குடியிருந்தார்கள். 1851-இல் ஏறத்தாழ 1,800 பேர் அப்படி வாழ்ந்தார்கள். அதே ஆண்டு ஓடையில் வெள்ளம் வந்து வீடுகளை அடித்துப் போனது. நோயும் சேர்ந்துகொண்டது. இன்று மிஞ்சியிருப்பது ஒன்றிரண்டுதான். உள்ளே போய் ஒரு நிமிடம் நில்லுங்கள். கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் இங்கேதான் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கியது என்று நினைத்தால், அப்புறம் பாக்ஸ்டன் சதுக்கத்தின் வரிசை வீடுகளைப் பார்க்கும் பார்வையே வேறு. தொழிலாளர்களுக்காகச் சுரங்கக் கம்பெனி 1849 முதல் 1852 வரை கட்டியவை அவை.

அடுத்தது சுரங்கம் இருந்த இடத்தில் உள்ள அந்தப் பெரிய பள்ளம். அடியில் பச்சையாகத் தண்ணீர் நிற்கும். "அடேயப்பா, கையாலேயே இவ்வளவு தோண்டினார்களா!" என்று வாயைப் பிளந்தவர்களில் நானும் ஒருவன். உண்மையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் 1971-க்கும் 1981-க்கும் நடுவே இயந்திரம் வைத்து வெட்டிய திறந்தவெளிச் சுரங்கம். கார்னிஷ்காரர்களின், அதாவது கார்ன்வாலிலிருந்து வந்தவர்களின் திறமை தரைக்கு அடியில் இருந்தது. அதன் அடையாளம் வேண்டுமென்றால் மார்ஃபெட் என்ஜின் கட்டடத்தைப் பாருங்கள். ஆழம் போகப் போகத் தண்ணீர் ஊறும். அதை நீராவி என்ஜினால் இறைத்தால்தான் வேலை நடக்கும். உயரமான அந்தக் கல் கட்டடமும் புகைபோக்கியும் கார்ன்வாலில் பார்த்த அதே அச்சு.

பலகைகளில் 'கேப்டன்' என்று வந்தால் பட்டாளத்துக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். கார்னிஷ் வழக்கில் அது சுரங்க மேலாளர். இங்கே தலைமை கேப்டனாக இருந்தவர் ஹென்றி ரோச். கூலி முறையும் தனி. தொழிலாளர்கள் குழுவாகச் சேர்ந்து ஓர் இடத்தை ஏலம் கேட்டு எடுத்து, கிடைக்கும் தாதுவின் மதிப்பில் பங்கு வாங்குவார்கள். தாது நன்றாக விழுந்தால் லாபம், இல்லையென்றால் வயிற்றில் ஈரத்துணி. நம் தமிழ்த் தொழிலாளர்கள் உயிரைக் கொடுத்து உழைத்த கோலார் தங்கவயலிலும் கார்னிஷ்காரர்கள் மேலே இருந்து வேலை வாங்கினார்கள் என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

எல்லாவற்றையும் கார்னிஷ் கணக்கில் எழுதுவதும் சரியில்லை. பர்ரா ஒரே ஊராக இருக்கவில்லை, பக்கத்துப் பக்கத்தில் பல சிற்றூர்கள். கூரிங்கா என்பது சுரங்கக் கம்பெனியின் ஊர், ரெட்ரூத் கார்னிஷ்காரர்களுடையது, அபர்டீன் ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. தாதுவை உருக்கும் வேலையில் வேல்ஸ்காரர்கள். அவர்கள் ஊரின் பெயர் நம் வாயில் நுழையாது. இவர்களுக்கெல்லாம் முன்பே இது ஞாஜுரி என்ற பூர்வகுடி மக்களின் மண்.

கார்னிஷ் திருவிழாவை எதிர்பார்த்துப் பர்ராவுக்குப் போனால் ஏமாற்றம்தான். கெர்னெவெக் லொவெண்டர் என்ற அந்தத் திருவிழா நடப்பது மூண்டா, கடினா, வாலரூ என்ற வேறு ஊர்கள் பக்கம். அதுவும் ஒற்றைப்படை ஆண்டுகளில், மே மாதத்தில். ஜனவரி அங்கே கோடை, அந்த வெயிலைத் தவிருங்கள், நிழல் குறைவு. பேக்கரியில் பாஸ்டி (மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்டது) வாங்கும்போது மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்குங்கள். வழக்கமான கார்னிஷ் பாஸ்டிக்குள் இருப்பது அதுதான். சில அருங்காட்சியகங்கள் தன்னார்வலர்கள் கையில் இருப்பதால் நாளும் நேரமும் குறைவு, முன்பே விசாரித்துவிடுங்கள்.

தகவல் மையம் மூடும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு பக்கத்து ஊரான கிளேர் வரை போய், அங்கிருந்து திரும்பி வந்து கொடுத்தேன்.